பாகுபாடு தானாக நிலவுவதில்லை; ஒருவர் காட்டினால்தான் உண்டாகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் கடலூர், புதுச்சேரிப் பக்கங்களைத் தொடர்ந்து படித்து வரும் வாசகன் நான். ‘பாகுபாடு’, ‘பாரபட்சம்’ ஆகிய இரு சொற்களும் அப்பக்கங்களில் அடிக்கடி இடம்பெறுகின்றன. வெள்ள நிவாரணம், குடிநீர்க் குழாய், நூறு நாள் வேலை, கோயில் திருவிழா, பள்ளிச் சேர்க்கை என்று எதைப் பற்றிய செய்தியாக இருந்தாலும், யாரோ ஒருவர் அநியாயமாக நடத்தப்பட்டதைச் சொல்ல வேண்டிய இடத்தில் இவ்விரண்டில் ஒன்று வந்து நிற்கிறது. எளிய மக்களின் முறையீட்டுக்கு இடம் தருகிறீர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதற்காக நன்றி சொல்கிறேன். ஆயினும், அச்சொற்கள் வாக்கியத்தில் அமைக்கப்படும் முறை, சொல்ல வந்த அநியாயத்தையே வாசகரின் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ் இலக்கணம் கற்பித்தவன் என்ற முறையிலும், ஓய்வுக்குப் பின் அக்கம்பக்கத்தாருக்கு மனு எழுதிக் கொடுத்து வருபவன் என்ற முறையிலும் இதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருவது என் கடமை என்று கருதுகிறேன்.

முதலில் வினைச்சொல். ‘அப்பகுதியில் பாகுபாடு நிலவுவதாகக் கூறப்படுகிறது’ என்ற வகை வாக்கியத்தைத் தங்கள் இதழில் மட்டுமன்றித் தமிழ் நாளிதழ்கள் எல்லாவற்றிலும் காணலாம். குளிர் நிலவும், வறட்சி நிலவும், அமைதி நிலவும். இவற்றை இன்னார் செய்தார் என்று சுட்ட முடியாது என்பதால் ‘நிலவும்’ என்ற வினை அவற்றுக்குப் பொருந்துகிறது. பாகுபாடு அத்தகையதன்று. ஒருவர் இன்னொருவரிடம் காட்டினால் மட்டுமே அது உண்டாகும். பாகுபாடு காட்டினார், பாரபட்சம் காட்டினார், ஓரவஞ்சனை செய்தார் என்றுதான் தமிழர் பேசி வந்திருக்கின்றனர். இந்தத் தொடர்கள் ஒவ்வொன்றிலும் ஓர் ஆள் எழுவாயாக நிற்கிறார். ‘நிலவுகிறது’ என்று எழுதியவுடன் எழுவாயின் இடத்தில் பாகுபாடே ஏறி அமர்ந்துகொள்ள, அதைச் செய்தவர் வாக்கியத்தை விட்டே வெளியேறிவிடுகிறார். அதன்மேல் ‘கூறப்படுகிறது’ என்று முடித்தால் முறையிட்டவரும் போய்விடுகிறார். செய்தவரும் இல்லாத, சொன்னவரும் இல்லாத ஒரு செய்தியைப் படித்து வாசகர் என்ன செய்ய முடியும்?

குற்றம் உறுதிப்படாத நிலையில் ஆளைச் சுட்டி எழுதினால் அவதூறு வழக்கைச் சந்திக்க நேரும் என்று தங்கள் செய்தியாளர்கள் சொல்லக்கூடும். அந்த எச்சரிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால், பெயரை எழுதாமலேயே முழுமையான வாக்கியத்தை எழுத முடியும். எடுத்துக்காட்டுக்காக நானே ஒன்றை அமைத்துக் காட்டுகிறேன்: ‘மற்ற தெருக்களுக்கு ஒரு மணி நேரம் குடிநீர் திறந்துவிடும் ஊராட்சிப் பணியாளர், தங்கள் தெருவுக்கு மட்டும் கால் மணி நேரத்தில் அடைத்துவிடுகிறார் என்று அத்தெருப் பெண்கள் ஆட்சியரிடம் அளித்த மனுவில் தெரிவித்துள்ளனர்.’ இதில் எவருடைய பெயரும் இல்லை. ‘தெரிவித்துள்ளனர்’ என்பதால் இது முறையீடு என்பதும், இன்னும் விசாரிக்கப்பட வேண்டியது என்பதும் விளங்குகின்றன. அதே நேரத்தில் செய்தவர் யார், பட்டவர் யார், எவ்வளவு நீர் குறைந்தது, யார் யாரிடம் முறையிட்டனர் என்பவை அனைத்தும் தெரிந்துவிடுகின்றன. பாகுபாடு என்ற சொல் இந்த வாக்கியத்தில் ஓரிடத்திலும் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டுகிறேன். படித்து முடித்தவர் அச்சொல்லைத் தாமே சொல்லிக்கொள்வார். அவ்வாறு அவர் சொல்லிக்கொள்ளும்போது அதற்கு இருக்கும் கனம், தலைப்பில் பெரிய எழுத்தில் நாம் அச்சிட்டாலும் வருவதில்லை.

பெயர்ச்சொற்களுக்குள்ளும் வேறுபாடு உண்டு. அதைப் பேணினால் செய்தி தெளிவாகும். ‘பகு’ என்ற வினையடியிலிருந்து வந்த ‘பாகுபாடு’ இயல்பில் குற்றமற்ற சொல். நிலத்தை ஐந்திணையாகப் பகுத்ததும், சொல்லைப் பெயர், வினை, இடை, உரி என்று பகுத்ததும் பாகுபாடுதான். இன்றும் இலக்கண வகுப்பில் ‘சொற்பாகுபாடு’ என்கிறோம். ‘செய்’ என்ற வினையோடு வந்தால் அது பெரும்பாலும் வகைப்படுத்துதல். ‘காட்டு’, ‘பார்’ என்ற வினைகளோடு வந்தால் அநியாயம். ‘பாரபட்சம்’, ‘ஓரவஞ்சனை’ ஆகியவற்றின் இயல்பு வேறு. ‘ஓரம்’ என்பதற்கே நடுவுநிலை தவறி ஒரு பக்கம் சாய்தல் என்ற பொருள் பழந்தமிழில் உண்டு. சாய்வதற்கு உறவோ, கட்சியோ, கையூட்டோ, வெறும் பழக்கமோ காரணமாக இருக்கலாம். விருந்துக்கு வந்தவர்களில் வேண்டியவர் இலையில் நெய்யை ஊற்றி, வேண்டாதவர் இலையைக் கடந்து போவதற்குப் ‘பந்திவஞ்சனை’ என்று தனிப்பெயரே வைத்திருந்தனர் நம் முன்னோர். ஒருவர் தம் மைத்துனருக்கு ஒப்பந்தப் பணியைக் கொடுத்தால் அது பாரபட்சம். ஒருவரின் பிறப்பையோ, பாலையோ, மதத்தையோ, உடற்குறையையோ காரணமாக வைத்து, அவரைப் போன்ற எவர் வந்தாலும் அதே கதவை அடைப்பது பாகுபாடு. முதலாவதில் பாதிக்கப்பட்டவர் அடுத்த ஆண்டு வேறொரு அதிகாரியிடம் நியாயம் பெறக்கூடும். இரண்டாவதில் அவர் மகனுக்கும் மகளுக்கும் அதே கதவு அடைபட்டிருக்கும். இவ்விரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால் பெரிய அநியாயம் சிறிய அநியாயத்தின் அளவுக்குச் சுருங்கிவிடும் என்பதே என் அச்சம்.

நம் அரசமைப்புச் சட்டம் இதில் மிகத் தெளிவாக இருக்கிறது. மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றை மட்டுமே காரணமாகக் கொண்டு அரசு எந்தக் குடிமகனிடமும் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது 15ஆம் கூறு. அரசு வேலை பற்றிய 16ஆம் கூறு, இவற்றோடு மரபுவழியையும் வசிப்பிடத்தையும் சேர்த்துக்கொள்கிறது. சட்டத்தை எழுதியவர்கள் ‘பாகுபாடு கூடாது’ என்று இரண்டு சொல்லில் முடித்துவிடாமல் யார், யாரிடம், எதை முன்னிட்டு என்று வரிசைப்படுத்தியிருக்கின்றனர். தங்கள் செய்திகளில் மிகுதியாக விடுபடுவது இந்த மூன்றாவதுதான். ‘பாகுபாடு காட்டியதாகப் புகார்’ என்று தலைப்பு இருக்கிறது. கடைசி வரி வரை படித்தாலும் எதை முன்னிட்டு என்பது தெரிவதில்லை. சாதி என்று எழுதத் தயங்கி, ‘குறிப்பிட்ட பிரிவினர்’, ‘ஒரு தரப்பினர்’ என்று எழுதிவிடுகின்றனர். அந்தத் தயக்கத்தால் அமைதி காக்கப்படுவதாக எண்ணுகிறார்கள் போலும். உண்மையில் பட்டவருக்கு நேர்ந்தது என்ன என்பது ஊருக்குள் எல்லோருக்கும் தெரிந்தே இருக்கிறது. வெளியூர் வாசகருக்கும், நடவடிக்கை எடுக்க வேண்டிய அதிகாரிக்கும் மட்டும் தெரியாமல் போகிறது.

நம் இரு ஊர்களுக்கும் நெருக்கமான ஒன்றைச் சொல்கிறேன். 2024 நவம்பர் 30 அன்று இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. அடுத்த நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து வந்த நீரால் தென்பெண்ணை பெருக்கெடுத்துக் கடலூரின் ஆற்றோரக் குடியிருப்புகளை மூழ்கடித்தது. புதுச்சேரி அரசு குடும்ப அட்டை ஒன்றுக்கு 5,000 ரூபாய் அறிவித்தது. தமிழ்நாடு அரசு விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 2,000 ரூபாய் அறிவித்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் புதுச்சேரியைச் சேர்ந்த பாகூரில் ஒரு தொகை, இந்தப் பக்கம் நமக்கு வேறொரு தொகை என்பதால், ‘நம்மிடம் பாரபட்சம் காட்டிவிட்டார்கள்’ என்று கடலூரில் பலர் பேசினார்கள். அவர்களின் வருத்தம் உண்மையானது. வீட்டுக்குள் சேறு புகுந்தவருக்கு 2,000 ரூபாய் எந்த மூலைக்கும் காணாது. ஆனால், அந்த இடத்தில் பாரபட்சம் என்ற சொல் பொருந்தாது. ஒரு கண்ணில் வெண்ணெயும் மறு கண்ணில் சுண்ணாம்பும் வைப்பதாகச் சொல்ல வேண்டுமானால் வைக்கும் கை ஒன்றாக இருக்க வேண்டும். இங்கே அரசுகள் இரண்டு, கருவூலங்கள் இரண்டு. ‘தொகை போதாது’ என்பதே சரியான முறையீடு. தலைப்பும் அவ்வாறே அமைந்திருக்க வேண்டும்.

அதே புயலில் அச்சொல் பொருந்தக்கூடிய இடம் வேறொன்று இருந்தது. அதைப் பற்றி மிகக் குறைவாகவே எழுதப்பட்டது. நிவாரணம் குடும்ப அட்டையைக் காட்டிப் பெற வேண்டியது. ஏரிக்கரையிலும் வாய்க்கால் கரையிலும் குடிசை போட்டு வாழும் இருளர் பழங்குடிக் குடும்பங்களில் குடும்ப அட்டையே இல்லாதவை உண்டு. வெள்ளம் முதலில் புகுவது அந்தக் குடிசைகளில்தான். அட்டை உள்ளவர் எல்லோருக்கும் ஒரே தொகை என்ற விதியில் எழுத்தளவில் வேற்றுமை எதுவும் இல்லை. அந்த விதியை வகுத்த அதிகாரி எவரையும் வெறுத்து வகுக்கவும் இல்லை. ஆயினும், மிகுதியாக இழந்தவருக்கு ஒன்றும் கிடைக்காமல் போகிறது என்றால் அதை எந்தச் சொல்லால் குறிப்பது? எல்லோரையும் ஒரே மாதிரி நடத்துவதாலும் பாகுபாடு உண்டாகலாம் என்பதை நாம் ஒப்புக்கொண்டே ஆக வேண்டும்.

இது என் சொந்தக் கருத்து மட்டும் அன்று. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் பாகுபாடு என்பதற்குத் தரும் விளக்கத்தில், நியாயமான முறையில் செய்து தரக்கூடிய வசதியைச் செய்து தர மறுப்பதும் அடங்கும். சக்கர நாற்காலியில் வருபவருக்கும் நடந்து வருபவருக்கும் ஒரே மூன்று படிக்கட்டுகளை வைத்துவிட்டு, ‘நாங்கள் எவரிடமும் வேறுபாடு பார்ப்பதில்லை’ என்று ஓர் அலுவலகம் சொன்னால், அச்சட்டத்தின் முன் அந்தப் பதில் நிற்காது. ஆகவே, ‘அலுவலகத்தில் மாற்றுத்திறனாளிகள் அவதி’ என்று தாங்கள் வெளியிடும் செய்திகளில் பலவற்றுக்குப் ‘பாகுபாடு’ என்பதே உரிய சொல். ‘அவதி’ என்பது வெயிலாலும் மழையாலும்கூட வரும். சாய்தளம் கட்டித் தர வேண்டியவர் கட்டித் தரவில்லை என்பதால் நேர்ந்ததை அவதி என்று எழுதுவது, பொறுப்பாளரை மழையின் பின்னால் மறைந்துகொள்ள விடுவதாகும்.

இதன் மறுபுறமும் உண்டு. நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணத் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2021 மே மாதம் கொண்டுவந்தபோது, ‘ஆண்களுக்கு எதிரான பாகுபாடு’ என்று எழுதிய வாசகர் கடிதங்களை நான் படித்திருக்கிறேன். இட ஒதுக்கீட்டைப் பற்றியும் அவ்வாறே எழுதுகின்றனர். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி ஏற்பாடு செய்வதை அரசமைப்புச் சட்டத்தின் 15ஆம் கூற்றின் மூன்றாம் உட்கூறே அனுமதிக்கிறது. சமூகத்திலும் கல்வியிலும் பின்தங்கியவர்களுக்கான நான்காம் உட்கூறு 1951இல் முதல் திருத்தத்தின் மூலம் வந்தது. அது வருவதற்குக் காரணமான வழக்கு, கல்லூரி இடங்களைச் சாதி, மத வாரியாகப் பங்கிட்ட அன்றைய சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணையைப் பற்றியது என்பதால் நமக்கு அந்நியமான வரலாறும் அன்று. அத்திட்டங்களை ஒருவர் எதிர்க்கலாம், செலவைக் கேள்வி கேட்கலாம். ஆனால், தாழ்ந்த தட்டைச் சமன்படுத்தக் கொடுப்பதையும் ஏற்கெனவே தாழ்ந்திருப்பதிலிருந்து பறிப்பதையும் ஒரே சொல்லால் அழைக்கும் கடிதத்தை வெளியிடும்போது, அச்சொல்லின் சட்டப் பொருளை ஒரு வரியில் ஆசிரியர் குறிப்பாகச் சேர்க்கலாம் என்பது என் வேண்டுகோள்.

இனிச் செயப்பாட்டு வினையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டிய முதன்மைக் காரணமே அதுதான். 2020 அக்டோபரில், நம் மாவட்டத்துத் தெற்குத்திட்டை ஊராட்சியில், பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த பெண் ஊராட்சித் தலைவர் தரையில் அமர்ந்திருக்க, கூட்டத்துக்கு வந்த மற்றவர்கள் நாற்காலிகளில் அமர்ந்திருந்த புகைப்படம் வெளியாகி நாடெங்கும் பேசப்பட்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவாயிற்று. ஊராட்சிச் செயலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். அந்நாட்களில் பல ஊடகங்களில் வந்த சொல், ‘தரையில் அமர வைக்கப்பட்டார்’ என்பதே. இலக்கணப்படி அதில் பிழை இல்லை. ஆனால், ‘படு’ என்ற துணைவினை வரும்போது ‘ஆல்’ உருபோடு ஒருவர் வர வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறோம்: கண்ணனால் வெட்டப்பட்டது, அரசனால் கட்டப்பட்டது. யாரால் அமர வைக்கப்பட்டார் என்ற கேள்விக்கு அந்த வாக்கியத்தில் விடை இல்லாதபோது, தலைவருக்குரிய நாற்காலியை அவருக்குத் தராமல் போட்டு அமர்ந்தவர்கள் அந்தப் படத்துக்குள்ளேயே இருந்தும் சொல்லுக்குள் வராமல் போய்விட்டார்கள். ‘மறுக்கப்பட்டது’, ‘ஒதுக்கப்பட்டார்’, ‘புறக்கணிக்கப்பட்டனர்’, ‘அனுமதிக்கப்படவில்லை’ என்று பாகுபாட்டைப் பற்றி எழுதும் வினைகள் எல்லாமே தமிழில் இந்த வடிவத்துக்குள் சென்று ஒளிந்துகொண்டிருப்பதைத் தாங்களே ஒரு வாரச் செய்தித்தாள்களை எடுத்துப் பார்த்தால் காணலாம். களவைப் பற்றி எழுதும்போது ‘மர்ம நபர்கள் திருடிச் சென்றனர்’ என்றாவது எழுவாயோடு எழுதுகிறோம். திருடனுக்குக் கிடைக்கும் எழுவாய், நாற்காலியைப் பறித்தவருக்குக் கிடைப்பதில்லை.

‘இரு தரப்பினரிடையே பிரச்சினை’, ‘இரு பிரிவினர் மோதல்’ என்பனவும் இந்த வகையைச் சேர்ந்தவையே. ஒருவர் கோயிலுக்குள் போக வருகிறார். இன்னொருவர் வழியை மறிக்கிறார். அதை ‘மோதல்’ என்று எழுதினால் வந்தவரும் மறித்தவரும் சம அளவில் தவறு செய்தவர்களாகிறார்கள். கைகலப்பு நடந்திருந்தால் நடந்தது என்று எழுதுங்கள். அதற்கு முன் யார் யாரை எதற்காகத் தடுத்தார் என்ற வாக்கியம் வந்தாக வேண்டும்.

இன்னொன்றைச் சொல்ல எனக்கு மனம் வலிக்கிறது. ‘ஊர்மக்கள் எதிர்ப்புத் தெரிவித்ததால் காலனி மக்கள் திரும்பிச் சென்றனர்’ என்ற நடையில் இன்றும் செய்திகள் வருகின்றன. காலனியில் வாழ்பவர்கள் அந்த ஊரின் மக்கள் இல்லையா? அதே ஊராட்சிக்கு வரி கட்டி, அதே வாக்குச்சாவடியில் வாக்களித்து, அதே ஊரின் பெயரைத் தம் முகவரியில் எழுதும் அவர்களை ‘ஊர்மக்கள்’ என்ற சொல்லுக்கு வெளியே நிறுத்துவது, பாகுபாட்டைப் பற்றிய செய்தியே பாகுபாடு காட்டுவதாகும். ‘காலனி’ என்ற சொல் வசைச் சொல்லாகவும் தீண்டாமையின் அடையாளமாகவும் மாறிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று தமிழ்நாடு முதலமைச்சர் 2025 ஏப்ரலில் சட்டப்பேரவையில் அறிவித்தார். அரசு ஆவணம் விட்டொழிக்க முன்வந்த சொல்லை நாளிதழ் ஏன் இன்னும் சுமக்க வேண்டும்? அத்தெருவுக்கு ஒரு பெயர் இருக்கும்; அதை எழுதலாம். எதிர்த்தவர்கள் எந்தத் தெருவினர், எந்தச் சாதியினர், எத்தனை பேர் என்று தெரிந்தால் அவ்வாறே எழுதலாம். தெரியாதபோது ‘சிலர்’ என்று எழுதலாம். பத்துப் பேர் செய்ததை ‘ஊர்மக்கள்’ என்று எழுதுவதால் எதிர்க்காத நூறு பேர் மீதும் பழி விழுகிறது.

அரசியல் அறிக்கைகளில் ஓயாமல் வரும் ‘மாற்றாந்தாய் மனப்பான்மை’யையும் இத்துடன் விட்டுவிடலாம். ஒன்றிய அரசு நிதி தரவில்லை என்றாலும், மாநில அரசு ஒரு மாவட்டத்தைக் கவனிக்கவில்லை என்றாலும் இந்தத் தொடரே வருகிறது. தலைவர் அவ்வாறு பேசியிருந்தால் மேற்கோள் குறிக்குள் போடுங்கள். தங்கள் சொந்த நடையில் வேண்டா. கணவனின் முதல் தாரத்துப் பிள்ளைகளைத் தன் பிள்ளைகளாக வளர்த்து ஆளாக்கிய பெண்கள் நம் தெருக்களில் எத்தனையோ பேர் இருக்கின்றனர். அநியாயத்தைக் கண்டிக்க எழுதும் தொடர், அந்தப் பெண்களுக்கே அநியாயம் செய்யலாகாது.

வாக்கிய அமைப்பைப் பற்றி இவ்வளவு எழுதுவது ஓர் ஆசிரியனின் நுணுக்க ஆசை என்று எண்ண வேண்டா. 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் சிறைகளில் சாதி அடிப்படையில் வேலை பிரிக்கும் விதிகள் அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானவை என்று தீர்ப்பளித்தது. சிறைப் பதிவேடுகளில் சாதியைக் குறிப்பதற்கான கட்டத்தை நீக்கவும் ஆணையிட்டது. அந்த வழக்கில் ஆராயப்பட்டவை பெரும்பாலும் வாக்கியங்களே. இழிவான வேலைகளைச் சில கைதிகளிடம் தரலாகாது, அத்தகைய வேலைகளைச் செய்து பழகிய சமூகத்தவராக இருந்தால் தரலாம் என்ற பொருளில் ஒரு மாநிலச் சிறை விதி இருந்தது. அதில் எந்தச் சாதியின் பெயரும் இல்லை. ‘பழகிய’ என்ற ஒரே பெயரெச்சத்துக்குள் தலைமுறை தலைமுறையாக நடந்த கட்டாயம் முழுவதும் ஒளிந்திருந்தது. அதைப் பழக்கியவர் யார் என்று கேட்டவுடன் விதி நிற்கவில்லை. கேப்பர் மலையில் மத்தியச் சிறையை வைத்திருக்கும் மாவட்டத்துக்காரர்களாகிய நாம் இந்தத் தீர்ப்பைக் கூடுதல் அக்கறையோடு படித்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்குச் செல்பவர்களுக்கு நான் மனு எழுதிக் கொடுக்கும்போது, அவர்களில் பலர் தாமே ஒரு வரைவைக் கொண்டுவருவார்கள். ‘எங்களிடம் பாகுபாடு நிலவுகிறது, தக்க நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது’ என்று அதில் இருக்கும். இந்த நடை அவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்று நான் கேட்பதில்லை. செய்தித்தாளில் வரும் நடைதான் முறையான நடை என்று அவர்கள் நம்புகிறார்கள். அதே மனிதர் எதிரே உட்கார்ந்து வாயால் சொல்லும்போது, ‘எங்க தெருப் பிள்ளைங்க வந்தா மட்டும் அந்தாளு மைதானத்தைப் பூட்டிடுறாரு சார்’ என்று எழுவாய், பயனிலை எதுவும் குறையாமல் சொல்கிறார். என் வேலை, அவர் வாயால் சொன்னதை அப்படியே எழுத்தில் கொண்டுவருவது மட்டுமே. தேதி, இடம், பூட்டியவரின் பொறுப்பு, அப்போது உடனிருந்தவர்கள், மற்றப் பிள்ளைகளுக்கு மைதானம் திறந்திருந்த நேரம் ஆகியவற்றைச் சேர்த்து எழுதிய மனுவை ‘பரிசீலிக்கப்படும்’ என்ற ஒற்றை வரியோடு திருப்பி அனுப்புவது எந்த அலுவலகத்துக்கும் எளிதன்று.

சட்டமும் அத்தகைய விவரங்களையே கேட்கிறது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி, குற்றம் செய்தவர் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராதவராக இருக்க வேண்டும். வேண்டுமென்றே அவமதித்த குற்றமாக இருந்தால் அது பொதுமக்களின் பார்வையில் படும் இடத்தில் நடந்திருக்க வேண்டும். செய்தவரும் இடமும் இல்லாத வாக்கியத்தை வைத்துக்கொண்டு காவல் நிலையத்தில் ஒருவர் எவ்வளவு நேரம் நின்றாலும் வழக்கு உருப்பெறாது. ‘இரட்டைக் குவளை’ என்ற தொடர் எத்தனையோ அறிக்கைகளை விடக் கூர்மையாக வேலை செய்ததற்குக் காரணம், மேசையின் மேல் இருந்த பொருளை அது காட்டியது. கடைக்காரர் எந்தக் குவளையை எவர் கையில் கொடுத்தார் என்று அடுத்த கேள்வியைக் கேட்க வைத்தது.

ஆகவே, தங்கள் ஆசிரியர் குழுவிடம் நான் வேண்டுவது இவ்வளவே. ‘பாகுபாடு’, ‘பாரபட்சம்’ என்ற சொற்கள் வரும் செய்தி மேசைக்கு வந்தால், துணையாசிரியர் அதை அச்சுக்கு அனுப்புமுன், காட்டியவர் யார், யாரிடம் காட்டினார், எதை முன்னிட்டு, அதனால் எது கிடைக்காமல் போயிற்று என்ற நான்கையும் செய்தியாளரிடம் கேட்டு வாங்கட்டும். நான்கில் ஒன்று கிடைக்காவிட்டால், அது கிடைக்கவில்லை என்பதையே செய்தியில் எழுதட்டும். ‘நிலவுகிறது’ என்ற வினை அச்சொற்களின் பக்கத்தில் வந்தால் அடித்துவிட்டுக் ‘காட்டினார்’ என்பதைப் போட முயலட்டும். போட முடியாத இடம் எதுவோ அங்கே செய்தி இன்னும் முழுமையாகச் சேகரிக்கப்படவில்லை என்று பொருள். புதுச்சேரிப் பதிப்புக்கும் இதே நடைமுறை வேண்டும். அங்கே கொம்யூன் பஞ்சாயத்துகள் என்னும் ஊரக உள்ளாட்சிகளைப் பற்றி வரும் முறையீடுகளிலும் இதே குறையைக் காண்கிறேன். ‘ஊர்மக்கள், காலனி மக்கள்’ என்று பிரித்து எழுதும் வழக்கத்தை மட்டும், மற்றவற்றுக்குக் காத்திராமல், நாளைய இதழிலிருந்தே நிறுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.